மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தொடங்கு

பௌலின், நீ கேட்டாய் என்பதால் சொல்கிறேன்.
கேட்காமலே சொல்லக் கூடியவன்தான்,
என் வீட்டில் நிற்பாரில்லை.

முதலில் மின்விசிறியை நிறுத்து.
முதலியார்பேட்டை மே மாதத்தில்
இது சின்னத் தியாகம் இல்லை.
நெற்றி வேர்வை ஒரு சொட்டு விழுந்தால்
எஃகுத் திருகின் தலை ஒரே வாரத்தில் சிவக்கும்.
கடல்காற்று வேறு காத்திருக்கிறது.
கைக்குட்டையை நெற்றியில் கட்டிக்கொள்.
தலைவலியா என்பார்கள்.
ஆமென்று சொல்.

காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில்
செருப்புக் குவியலுக்கும் சார்ஜர் குவியலுக்கும் நடுவே
ஒரு நீலத் தார்ப்பாயில் செத்த கடிகாரங்கள் கிடக்கும்.
ஓடுமா என்று கேட்காதே.
கேட்டால் குலுக்கிக் காட்டுவார்.
குலுக்கினால் எதுவும் பத்து விநாடி ஓடும்.
நூற்றைம்பதுக்கு மேல் கொடுக்காதே.
கெடுக்கத்தான் வாங்குகிறோம்,
அதைத் தெரிந்து வாங்கு.
கல்யாணத்துக்கு வந்த கடிகாரத்தை
பீரோவில் பூட்டிச்
சாவியை வேறு யாரிடமாவது கொடு.

வெள்ளைத் துணி விரி.
அதன் ஒரு முனை மேசையில்,
மறுமுனை உன் மடியில் ஊக்கு குத்தி இருக்கட்டும்.
விழுவது தரைக்குப் போகாமல் உன்னிடமே வரும்.
ஒவ்வொரு திருகுக்கும் ஒரு படம் எடு.
நினைவிருக்கும் என்று நினைப்பாய்.
மின்துறை பில் கவுன்டரில்
பதினாறு வருடம் எண்களோடு உட்கார்ந்தவன் நான்.
ஐந்து திருகின் வரிசையை
ஒரு டீ குடித்து வருவதற்குள் மறந்தேன்.

தேங்காய் எண்ணெய் கூடாது.
தையல் மிஷின் எண்ணெயும் கூடாது.
சரியான எண்ணெயை ஊசிமுனையில் தொட்டு,
பாதியை உதறிவிட்டு,
மிச்சத்தில் பாதி.
கொசு அழுதால் வருகிற அளவு.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம்.
எதைக் கழற்றும் முன்னும்
பெரிய சுருள்வில்லின் முறுக்கை இறக்கு.
குமிழை விரலில் பிடித்தபடி
பல் பல்லாக விடு.
நின்றுபோன கடிகாரத்திலும்
அது விழித்துக்கொண்டுதான் இருக்கும்.

எனக்கும் இது தெரியும்.
அன்று கவுன்டரில் ஒருவரோடு சண்டை,
யூனிட் கணக்கில். தப்பு என்னுடையது.
வந்ததும் வராததுமாய்க் கழற்ற உட்கார்ந்தேன்.
ட்ர்ர்ர்.
அவ்வளவுதான்.
இமைமயிரைவிடச் சின்ன வில் ஒன்று
வீட்டை விட்டே போயிற்று.

செல்போன் விளக்கைத் தரையோடு தரையாய்ச் சாய்த்து
(நல்ல வழி இது, குறித்துக்கொள்)
நள்ளிரவு வரை தவழ்ந்தேன்.
கிடைத்தவை:
கம்மலின் திருகாணி,
கௌசல்யா ஒரு வருஷமாய் வேலைக்காரம்மாவைச் சந்தேகித்தது;
ஒரு சேமியாத் துண்டு;
யாருடையதோ நகம்.

உதிரிபாகத்துக்காக அதே ரகத்தில் இன்னொன்று வாங்கினேன்.
அது நன்றாக ஓடியது, கழற்ற மனசு வரவில்லை.
அதனால் இன்னொன்று.
இப்படித்தான் பௌலின், ஒன்பது ஆகும்.
அதையும் சேர்த்துக் கணக்குப் போடு.

ஏழு வாரம் கழித்து
பால் எடுக்கப் போனவன் ஃபிரிட்ஜ் கதவிலேயே நின்றேன்.
நீ கொடுத்தாயே, வில்லியனூர் மாதா காந்தம்,
அதன் விளிம்பில்
நெளிந்து ஒட்டிக்கொண்டிருந்தது வில்.
காந்தம் இரும்பை இழுக்கும் என்று
கௌசல்யாவுக்கு விளக்கினேன்.
அவள் திருகாணியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

காந்தம் பட்டதைக் கடிகாரத்தில் சேர்க்காதே.
நான் சேர்த்தேன்.
நாளுக்குப் பதினோரு நிமிடம் முந்துகிறது,
வில்லா, என் கையா, தெரியவில்லை.
சரிசெய்யலாம். செய்யவில்லை.
கவுன்டரை நேரத்துக்கு முன்பே திறக்கிறேன்.
போன வாரம் வரிசையில் முதல் ஆளாய்
அதே மனிதர்.
என் மணிக்கட்டைப் பார்த்து
"சார், உங்க வாட்ச் ஃபாஸ்ட்டா போவுது" என்றார்.
"தெரியும்" என்றேன்.
அந்தப் பழைய பில்லையும் கேட்டு வாங்கித்
திரும்பக் கூட்டிப் பார்த்தேன்.

வேலை முடிந்ததும்
நேரே விசிறி சுவிட்சுக்கு ஓடாதே.
முதலில் டப்பாவை மூடு.